புல்லில் வீசிய தூண்டில்



போன சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்து நீங்கள் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, சிலர் பின்கதவால் எட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் கவனித்தேன். சிரிக்கக்கூடிய காட்சிதான். தலையில் தொப்பி, கண்ணில் கண்ணாடி, கையில் எட்டடித் தூண்டில் தடி. நம் பங்கின் ஒரு தகப்பனும் அவருடைய ஒன்பது வயது மகளும் எனக்கு இருபுறமும் நிற்க, மூன்று பேரும் புல்வெளியில் தூண்டில் வீசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நூலின் நுனியில் முள்ளும் இல்லை. சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டுதான் கட்டியிருந்தது. இருபதடி தள்ளி, பிள்ளைகள் இடுப்பில் சுற்றி ஆடும் பிளாஸ்டிக் வளையம் ஒன்று கிடந்தது. அதுதான் எங்கள் குளம்.

"சுவாமி, புல்லுக்குள்ள என்ன மீன் பிடிக்கிறியள்? அறக்குளா பட்டா எனக்கும் ஒரு துண்டு தாங்கோ" என்றார் ஓர் அம்மம்மா. அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதிலை இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இன்றைய நற்செய்தியும் மீன்பிடியைப் பற்றியதுதான்.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். எட்டு வயதில் அப்பப்பா எனக்கு வீச்சுவலை எறியப் பழக்கினார். விளிம்பில் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, ஒரு பக்கத்தைத் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி எறிந்தால் வலை வட்டமாக விரிந்து விழ வேண்டும். அங்கே பாரம் ஈயக்குண்டில் இருக்கிறது. பாரமுள்ள பொருளைப் பலத்தோடு எறிகிறோம், அது போகிறது. இங்கே இங்கிலாந்தில் ஃப்ளை ஃபிஷிங் என்று பிடிக்கிறார்களே, அதில் எல்லாம் தலைகீழ். முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த செயற்கை ஈக்குப் பாரமே கிடையாது. கையால் எறிந்தால் காலடியில் விழும். பாரம் நூலில்தான் இருக்கிறது. வழுவழுப்பான பூச்சுப் பூசிய தடித்த நூல் அது. தடியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினால் நூல் தலைக்கு மேலே பறந்து பின்பக்கம் நீளும். நீண்டதும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் முன்னே விரிந்து, கடைசியில் அந்த ஈயை மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவைக்கும். ஈ தன் பலத்தால் போவதில்லை. சுமந்து கொண்டுபோய் விடப்படுகிறது.

எனக்கு இதைப் பழக்கியவர் நான் முன்பு பணி செய்த பங்கில் இருந்த ஒரு வயோதிப ஆங்கிலேயர். அவருடைய மனைவியை அடக்கம் செய்த சில கிழமைகளுக்குப் பிறகு, திருப்பலி முடிந்து வாசலில் நின்றவர், "நாளைக்கு என்னோடு ஆற்றுக்கு வருகிறீர்களா?" என்று கேட்டார். ஆறுதல் சொல்லலாம் என்று போனேன், மாணவனாகத் திரும்பினேன். வலை எறிந்த கை அல்லவா, பலத்தைக் காட்டி வீசினேன். நூல் சாட்டைபோலச் சொடுக்கிக் கழுத்தில் சுற்றியது. அன்று பின்னேரம் முழுவதும் அவர் என்னிடம் சொன்னது ஒரே சொல்தான்: பொறுங்கள்.

இது என்ன புதுப் பழக்கம், வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற உரோமை எழுத்தாளர் மக்கெதோனியா நாட்டு ஆறு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே முளைக்கும் இறகு இரண்டைக் கட்டி, ஆறடித் தடியில் ஆறடி நூல் கோத்துப் புள்ளி மீன்களைப் பிடித்தார்களாம். உண்மையான ஈயைக் கையால் தொட்டால் அதன் நிறம் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த ஆறு எங்கே ஓடியது தெரியுமா? பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையில். திருத்தூதர் பவுலையும் சீலாவையும் சகோதரர்கள் இரவோடு இரவாகத் தெசலோனிக்காவிலிருந்து பெரோயாவுக்கு அனுப்பிவைத்ததாகத் திருத்தூதர் பணிகளில் வாசிக்கிறோமே, அதே பக்கம். இதை வைத்துப் பெரிய இறையியல் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்குப் பிடித்ததால் சொன்னேன், அவ்வளவுதான். நம் வளையத்துக்குள் விழுந்த கம்பளியும் சிவப்புத்தான்.

சரி, அந்தத் தகப்பனிடம் வருவோம். அவர் அனுமதி தந்துதான் சொல்கிறேன். மகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஹாம்ப்ஷயர் ஆற்றங்கரையில் யாரோ வீசுவதைப் பார்த்துவிட்டு, தானும் பழக வேண்டும் என்று நச்சரித்திருக்கிறாள். இவர் நேரே கடைக்குப் போய், இருப்பதில் நல்லது எதுவோ அதைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிவந்தார். பத்தடி நீளம், இரும்புக் கம்பிபோல விறைத்த தடி, வங்கிக் கணக்கு மறக்காத விலை. பிள்ளை இரண்டு கையாலும் பிடித்து வீசிப் பார்த்தாள். நூல் குவியலாகக் கிடந்தது. பத்தே நிமிடத்தில் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வராது அப்பா" என்றாள்.

பிள்ளையில் பிழை இல்லை. விறைத்த தடி பழகியவர்களுக்கானது. அது வேகமாக நிமிரும். கை ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் தண்டனை உடனே. பழகுகிறவருக்கு நடுத்தரமாக வளைகிற தடி வேண்டும். அது மெதுவாக நிமிரும். கையில் பிழை இருந்தாலும் தன் வளைவில் அதை வாங்கிக்கொள்ளும். கடைக்காரர்கள் அதை மன்னிக்கிற தடி என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை முதன்முதலில் ஒரு கடையில் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி எத்தனையோ மறையுரை செய்திருக்கிறேன். அப்படி ஒரு சொல் எனக்கு வாய்த்ததில்லை.

நமக்குத் தடி என்றால் வேறொன்றுதான் நினைவுக்கு வரும், இல்லையா? ஓட்டில் செருகிவைத்த பூவரசங்கம்பு. வாத்தியாரின் பிரம்பு. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அந்தக் கம்பை இங்கே விமானத்தில் ஏற்றிவரவில்லை, உண்மைதான். ஆனால் சகோதரர்களே, சகோதரிகளே, விறைப்பைக் கொண்டுவந்துவிட்டோமா? பதினொரு வயதுப் பரீட்சை, சனிக்கிழமை டியூஷன், பியானோ, பரதம், நீச்சல். எல்லாம் நல்லவை. எல்லாம் அன்பினால் வாங்கிக் கொடுத்தவை. நாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்று இரவு வேலை செய்து கட்டிய பணம். ஆனாலும் உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையாவது "எனக்கு வராது அப்பா" என்று சொன்னதுண்டா? சொன்ன அன்று நாம் பிள்ளையின் கையைப் பார்த்தோமா, தடியைப் பார்த்தோமா?

இதைக் கேட்டு யாரும் தலைகுனிய வேண்டாம். நெரிந்த நாணலை முறிக்காதவர் என்று எசாயா இறைவாக்கினர் முன்னறிவித்த அந்த ஊழியரின் முன்னிலையில்தான் நாம் அமர்ந்திருக்கிறோம். அவர் பெற்றோரையும் முறிப்பதில்லை. அந்தத் தகப்பன் செய்தது மிகவும் எளிது: கடையில் போய் மாற்றிக்கொண்டார். எட்டடித் தடி, ஐந்தாம் எண். அதற்கு ஐந்தாம் எண் நூல், மிதக்கும் வகை, முன்பக்கம் பாரம் கூடியது, பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள் நிறம். எண்ணைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நூலின் முதல் 30 அடி எவ்வளவு நிறை என்பதை வைத்துத்தான் அந்த எண் வருகிறது. ஐந்தாம் எண்ணில் ஏறக்குறைய 9 கிராம். அம்மம்மாவின் செபமாலை அதைவிடப் பாரம். தடியில் எழுதிய எண்ணும் நூலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும். ரீலுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். சின்ன டிரவுட் மீனுக்கு அது நூலைச் சுற்றிவைக்கும் பெட்டிதான். மிச்சம் பிடித்த காசை நூலில் போடுங்கள். நூறு பவுண்டுக்குள் தடி, ரீல், நூல் மூன்றும் சேர்ந்த பொதியே கிடைக்கும். நூலின் முனையில் ஒன்பதடிக்கு மெலிந்துகொண்டே போகும் தங்கூசி கட்ட வேண்டும். பிள்ளைக்கு ஏழரை அடி நல்லது, சிக்கல் குறைவு.

குறையும், தீராது.

சிக்கலைப் பற்றி நான் ஒரு பாவஅறிக்கை செய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குச் சுற்றுலாவில் ஒரு பையனுக்குப் பழக்கினேன். வீசுவதும் சிக்குவதுமாக இருந்தான். மூன்று தடவை அவிழ்த்துக் கொடுத்தேன். நான்காவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. கத்தரிக்கோலை எடுத்து, ஒரு சொல்லும் பேசாமல், தங்கூசியை அடியோடு வெட்டி எறிந்தேன். அவனும் ஒன்றும் பேசவில்லை. தடியைப் புல்லில் வைத்துவிட்டுப் போய்ப் பேருந்தில் உட்கார்ந்துகொண்டான். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் என் மனதில் அந்தக் கத்தரிச் சத்தம்தான்.

ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரில், புனித பேதுரு ஆலயத்தில், 1700 ஆம் ஆண்டளவில் வரைந்த அன்னையின் ஓவியம் ஒன்று இருக்கிறது. முடிச்சுகளை அவிழ்க்கும் அன்னை என்று நாம் வணங்குவது அவரைத்தான். ஒரு பக்கத்தில் வானதூதர் முடிச்சு விழுந்த வெள்ளை நாடாவை நீட்டுகிறார். அன்னையின் விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றன. மறுபக்கம் நாடா வழவழப்பாக இறங்குகிறது. அந்தப் படத்தில் கத்தரிக்கோல் எங்கும் இல்லை. படத்தின் பிரதி ஒன்று என் மேசையில் இருக்கிறது. அந்தப் பையனுக்குப் பிறகு வாங்கி வைத்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். "பரவாயில்ல பாதர்" என்றான். பிள்ளைகள் நம்மை மன்னிக்கிற வேகம் எனக்கு எப்போதும் வியப்பு.

நூல் சிக்கினால் இழுக்கக்கூடாது. இழுத்தால் முடிச்சு இறுகும். தளர்த்தி, சிக்கலை விரித்து, நுனி எந்த வளையத்தால் நுழைந்தது என்று பார்க்க வேண்டும். பிள்ளையோடு பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து அவிழ்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில், வகுப்பறையில் நடந்தது, நண்பியோடு சண்டை பிடித்தது, எல்லாம் தானாக வெளியே வரும். போன சனிக்கிழமையும் அப்படித்தான். அந்தச் சிறுமி என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்.

இனி, வீசுவதைப் பற்றி. கடிகாரத்தின் முள்ளாகத் தடியை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். முன்னால் பத்து மணி, பின்னால் ஒரு மணி அல்லது இரண்டு மணி. இரண்டு இடத்திலும் சட்டென நிறுத்த வேண்டும். ஆனால் கஷ்டம் நிறுத்துவதில் இல்லை. பின்னால் நிறுத்திய பிறகு ஒன்றும் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும், அதில்தான் கஷ்டம். நூல் நமக்குப் பின்னால் விரிந்துகொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, கை பரபரக்கிறது. விரிந்து முடிவதற்குள் முன்னால் இழுத்தால் சாட்டைச் சொடுக்கு, முனையில் இருந்த ஈ அறுந்து எங்கோ போய்விடும். அதனால் முதல் நாட்களில் பிள்ளையைத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க விடுங்கள். நூல் நேராகும் அந்தக் கணத்தைக் கண்டுவிட்டால் கை தானாகப் பொறுக்கும். "இப்ப பார் மகள்... இப்ப" என்று அந்தத் தகப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவதோ எட்டாவதோ தடவை, மஞ்சள் நூல் அந்தி வெளிச்சத்தில் ஒரு கோடுபோல நீண்டு, கம்பளித் துண்டு வளையத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வயோதிபர் எனக்குச் சொல்லித்தந்த இன்னொன்றும் உண்டு. நூல் நீள நீளப் பொறுக்கும் நேரமும் நீள வேண்டும். இருபதடி நூல் உடனே விரிந்துவிடும். நாற்பதடி நூலுக்கு இருமடங்கு பொறுமை வேண்டும். இதை நினைக்கும்போது, உங்களில் சிலருடைய முகம் எனக்கு முன்னால் வருகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ஆலயப் பக்கம் வராத மகன். தொலைபேசியை எடுக்காத மகள். சின்ன வயதில் ஒரு சொல்லுக்குத் திரும்பிவந்த பிள்ளைகள், இப்போது தூரத்தில் இருக்கிறார்கள். அறைக்கு வந்து என்னிடம் அழுதிருக்கிறீர்கள். நாம் இன்னும் இருபதடிக் கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறோமோ? சீக்கிரம் இழுத்துவிடுகிறோமோ? ஊதாரி மகனின் தந்தை எத்தனை நாள் பொறுத்தார் என்று லூக்கா எழுதவில்லை. தூரத்தில் வரும்போதே கண்டுகொண்டார் என்று மட்டும் எழுதுகிறார். நம்மையும் ஒருவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் கண்ணுக்குத் தெரியாமல் அவருக்குப் பின்னால் விரிந்துகொண்டிருக்கும் காலத்திலும் நூல் அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு தகப்பனைப் பற்றியும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜோன் வுல்ஃப் என்றொரு அம்மையார். 1926 இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். பத்து வயதில் அப்பாவின் தடியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய் வீசிப் பார்த்திருக்கிறார். தடியின் நுனித்துண்டு கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பாவோ மீன்பிடிக் கடை வைத்திருந்தவர், தடியின் அருமை தெரிந்தவர். அன்று மாலை அந்தச் சிறுமியின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்? அயலவர் ஒருவர் புல்வாரியை விட்டுத் துழாவி அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தார். செய்தி அறிந்த அப்பா கோபிக்கவில்லை. தம்மோடு வீச்சுப் பழகும் சங்கத்துக்கு வரும்படி மகளை அழைத்தார். 1951 இல் அதே மகள் ஆண்களோடு போட்டியிட்டுத் தூர வீச்சில் தேசிய வெற்றி பெற்றார். 1960 இல் 161 அடி வீசினார். பிறகு எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஆசிரியை. கோபித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஊகிக்கவில்லை. அந்த அழைப்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய நற்செய்தியில் பேதுருவும் அப்படித்தான் நிற்கிறார், கழன்று போன துண்டோடு. தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர்காய்ந்தபடி மூன்று முறை மறுதலித்தவர். இரவு முழுவதும் வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடியற்காலையில் கரையிலிருந்து ஒரு குரல். முரட்டு மீனவர்களைப் பிள்ளைகளே என்று அழைக்கிறது. வலப்பக்கம் போட்ட வலையில் 153 பெரிய மீன்கள். ஆனால் கரைக்கு வந்து பார்த்தால், அவர்கள் பிடித்த மீன் அடுப்புக்கு வருமுன்பே அங்கே மீன் வெந்துகொண்டிருக்கிறது. அப்பமும் இருக்கிறது. அடுப்போ, யோவான் சொல்கிறார், கரி நெருப்பு. தன் நற்செய்தியில் அந்தச் சொல்லை அவர் இரண்டே இடத்தில்தான் எழுதுகிறார்: பேதுரு மறுதலித்த இடத்திலும், ஆண்டவர் அவருக்குக் காலை உணவு சமைத்த இடத்திலும். வெறுங்கையோடு வீடு திரும்புகிற பிள்ளைக்குச் சோறு ஆறாமல் மூடிவைக்கிற தாய்மாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பேதுரு வலைக்காரர். நற்செய்திகளில் ஒரே ஒரு தடவைதான் அவர் கையில் தூண்டில் வருகிறது. கப்பர்நாகுமில் கோவில் வரி கேட்டு வந்தபோது, கடலுக்குப் போய்த் தூண்டில் போடச் சொல்கிறார் இயேசு. முதல் மீனின் வாயில் ஒரு காசு. அந்த ஒரு காசில் இருவருடைய வரியும் அடங்கியது, ஆண்டவருடையதும் பேதுருவுடையதும்.

வரி என்றதும் நினைவுக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் தூண்டில் போட அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். 13 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தேவையில்லை. 13 முதல் 16 வரை இலவசம், ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். பெரியவர்கள் காசு கட்டி எடுங்கள். ஆற்றுக்கோ குளத்துக்கோ சொந்தக்காரரிடம் தனியாகவும் கேளுங்கள். பேதுருவுக்கே வரி இருந்தது, நமக்கு இல்லாமல் போகுமா? முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கொடுக்கைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, பிள்ளையின் காதுக்கும் நல்லது. காரில் ஏறும்போது தடியைக் கடைசியாக வையுங்கள், கதவைப் பார்த்துச் சாத்துங்கள். தடிகள் மீனால் முறிவதைவிடக் கார்க் கதவால் முறிவதுதான் அதிகம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் புல். வருகிற சனிக்கிழமை திருப்பலிக்குப் பிறகு மண்டபத்தின் பின்பக்கம் வாருங்கள். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் பிள்ளைகளின் கை தாங்காது. ஒவ்வொரு பிள்ளையோடும் அப்பாவோ அம்மாவோ ஒருவர் கட்டாயம் வர வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் கொண்டுவாருங்கள். வெயில் கண்ணாடி என்றாலும் சரி. தடி இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு இருக்கிறது, இரண்டும் நன்றாக வளையும். சிவப்புக் கம்பளி தேவையான அளவு வெட்டி வைத்திருக்கிறேன். அந்த அம்மம்மாவுக்கு ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். அறக்குளாவுக்கு மட்டும் பொறுப்பில்லை.